காய்ச்சலோடு ஊதாப் புள்ளிகள்: மெனிஞ்சோகாக்கஸ் ரத்தத்தில் பரவும்போது தோலில் என்ன தெரியும்?

லண்டனில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "மூன்று வயது மகனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வயிற்றில் சில சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் மறைகின்றன. அப்படியானால் மெனிஞ்சோகாக்கஸ் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? அந்தக் கிருமி ரத்தத்தில் பரவினால் தோலில் உண்மையில் என்னதான் தெரியும்? நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எப்படிக் கண்டுபிடிப்பது?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இருக்கும் குழந்தையின் உடம்பில் டம்ளரால் அழுத்தியும் மறையாத புள்ளி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் புள்ளி மறைகிறது, அதனால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லோருக்கும் படத்தில் பார்த்துப் பழகிய அந்த ஊதா நிறத் திட்டுகள் இந்த நோயில் தாமதமாக வருபவை. அவை வரும்போது சிகிச்சைக்கான நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். அதற்குச் சில மணி நேரம் முன்பே தோல் வேறு சில அறிகுறிகளைக் காட்டுகிறது, அவற்றைப் பற்றிப் பெற்றோரிடம் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெனிஞ்சோகாக்கஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ் என்ற இந்தக் கிருமி ஏதோ அபூர்வமான இடத்தில் ஒளிந்திருப்பது அல்ல. பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருடைய மூக்குக்குப் பின்னால், தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கும், பதின்ம வயதினரிடம் இன்னும் அதிகம். மிகச் சிலருக்கு மட்டும் அது தொண்டைச் சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல், ரத்தத்திலேயே வேகமாகப் பெருகினால் செப்டிசீமியா என்கிற ரத்தத் தொற்று, இரண்டும் சேர்ந்தும் வரலாம். கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, தாங்க முடியாத தலைவலி என்று நாம் கேள்விப்பட்டதெல்லாம் மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள். ரத்தத் தொற்று மட்டும் வந்த குழந்தைக்குக் கழுத்து விறைக்காது, வெளிச்சத்தைப் பார்க்கும், கேட்டால் பதிலும் சொல்லும். ரத்த ஓட்டம் குலைந்துகொண்டிருக்கும்போதே அம்மாவிடம் தண்ணீர் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு, நினைவு தப்புவது பல சமயம் கடைசிக் கட்டத்தில்தான். மூளைக்காய்ச்சலை விட ஆபத்தானது இந்த ரத்தத் தொற்று. சிகிச்சை கொடுத்தும் மெனிஞ்சோகாக்கஸ் நோயில் மொத்தமாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் இறக்கிறார்கள், ரத்தத் தொற்று முற்றிய நிலையில் அந்த எண்ணிக்கை 40 வரை போகும்.

நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு பெரிய உதவி. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள், இந்த நோய் தாக்கிய 16 வயது வரையிலான 448 குழந்தைகளின் கதையை, நோய் தொடங்கிய நிமிடத்திலிருந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை மணிக்கணக்காகச் சேகரித்தார்கள். அவர்களில் 103 பேர் இறந்துபோன குழந்தைகள். முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு இருப்பது போன்ற அறிகுறிகள்தான், 24 மணி நேரத்துக்குள் மரணத்தின் விளிம்புக்குப் போய்விட்டார்கள். மறையாத புள்ளிகள், கழுத்து விறைப்பு, மயக்கம் ஆகியவை வந்தது சராசரியாக 13 முதல் 22 மணி நேரத்துக்குள். ஆனால் நூற்றுக்கு 72 பேருக்கு வேறு மூன்று அறிகுறிகளில் ஏதாவது ஒன்று அதற்கு வெகு முன்பே, சராசரியாக எட்டாவது மணி நேரத்தில் தெரிந்திருக்கிறது: கால் வலி, கை கால் சில்லிட்டுப் போவது, தோல் நிறம் மாறுவது. இன்னொன்றும் அந்த ஆய்வில் வெளிவந்தது. முதல் தடவை டாக்டரிடம் காட்டியபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகளை வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நான்காவது மணி நேரத்தில் யார் பார்த்தாலும் அது ஃப்ளூ மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு தடவை காட்டியாகிவிட்டது என்பதற்காகத் திரும்பப் போகத் தயங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்த முதல் அறிகுறிகளைப் பார்ப்போம். உடம்பு அனலாய்க் கொதிக்கும், ஆனால் கைகளும் பாதங்களும் ஐஸ் மாதிரி இருக்கும். ரத்த அழுத்தம் குறைய ஆரம்பிக்கும்போது இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைக் காப்பாற்ற உடம்பு முதலில் தோலுக்குப் போகிற குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, அதனால் வரும் குளிர்ச்சி இது. எந்தக் காய்ச்சலும் ஏறும்போது, குளிர் நடுக்கம் வரும்போது கை கால் சற்றுச் சில்லிடும்தான். அது காய்ச்சல் இறங்கியதும் சரியாகும். பாராசிட்டமால் கொடுத்து, போர்வையில் கொஞ்ச நேரம் வைத்த பிறகும் சில்லென்றே இருந்தால் கவலைப்பட வேண்டும். குழந்தையின் நெஞ்செலும்பு மேல் விரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடத்துக்கு இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், மூன்று நான்கு என்று இழுத்தால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம்.

கால் வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாடியதால் வந்த வலி மாதிரி இருக்காது, பிள்ளை நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், தூக்கினாலே அழும், தொடையையோ கெண்டைக்காலையோ தொட விடாது. பேசத் தெரியாத கைக்குழந்தை டயப்பர் மாற்றக் காலைத் தூக்கினால் வீறிட்டு அழும். இது வெளியே எதுவும் தெரியாத நேரத்திலேயே வரக்கூடியது.

நிறம் மாறுவது என்றால் வெளிறிப்போவது, சாம்பல் பூத்த மாதிரி ஆவது, உதட்டைச் சுற்றி நீலம் பாய்வது, தொடையிலும் வயிற்றிலும் வலைப்பின்னல் போட்ட மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிவது. வெள்ளைத் தோலில் இது பட்டென்று கண்ணில் படும். நம் பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, உதடு, நாக்கு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். "முகமே வேற மாதிரி ஆயிடுச்சு டாக்டர்" என்று ஒரு தாயோ பாட்டியோ சொன்னால் நான் அதை ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்வேன். அந்தக் குழந்தையின் இயல்பான நிறம் எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

இனி புள்ளிகளுக்கு வருவோம். ஆரம்பத்தில் இந்த நோயிலும் சிலருக்கு அழுத்தினால் மறைகிற, சாதாரண வைரஸ் காய்ச்சலில் வருவது போன்ற இளஞ்சிவப்புத் தடிப்புகள்தான் வரும். உங்கள் கேள்விக்கு "நிம்மதியாக இருக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். மறைகிற தடிப்பாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் அவற்றின் நடுவிலேயே மறையாத புள்ளிகள் முளைக்கலாம். சிலருக்குத் தோலில் எதுவுமே வராமல் நோய் முற்றிவிடுவதும் உண்டு.

மறையாத புள்ளிகளில் முதலில் வருபவை குண்டூசி முனை அளவுதான், ஒன்று இரண்டு மில்லிமீட்டர். தோலுக்குள் கசிந்த ரத்தம் அது. தடவிப் பார்த்தால் மேடாக இருக்காது, பெரும்பாலும் அரிக்காது. தோலில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், உடம்பிலும் கால்களிலும் அதிகம், சாக்ஸின் எலாஸ்டிக், பேன்ட் இடுப்புப் பட்டி, டயப்பர் விளிம்பு என்று அழுத்தம் படும் இடங்களில் கூட்டமாகத் தெரியும். அதனால் உடைகளை எல்லாம் கழற்றி, டயப்பரையும் அவிழ்த்து, நல்ல வெளிச்சத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். அரைகுறை வெளிச்சத்தில் சட்டையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வதில் பயனில்லை.

அப்புறம் அவை பெரிதாகும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிய புள்ளிகளை மருத்துவத்தில் பர்ப்யூரா என்போம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்று சேர்ந்து, நாவல்பழக் கறை படிந்த மாதிரி கருநீலத் திட்டுகள் ஆகும். அடிபடாமலேயே கன்றிப்போனது போல இருக்கும். இதில் அளவை விட வேகம் முக்கியம். பத்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்தபோது மூன்று இருந்தது, இப்போது ஏழு என்றால் அது மிகப் பெரிய எச்சரிக்கை. அவசரப் பிரிவில் நாங்கள் பேனாவால் புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பதும் இதற்காகத்தான், கோட்டைத் தாண்டினதா, வட்டத்துக்கு வெளியே புதிதாக வந்திருக்கிறதா என்று பார்ப்போம். வீட்டிலும் போனில் நேரத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், ஆனால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இதற்கும் அடுத்த கட்டத்துக்குப் பர்ப்யூரா ஃபல்மினன்ஸ் என்று பெயர். பார்த்தவர்களுக்கு மறக்காது. ஓரம் ஒழுங்கில்லாத, முனை முனையாக நீண்ட பெரிய திட்டுகள், நடுவில் ஈயம் போன்ற சாம்பல் கலந்த கறுப்பு, சுற்றிலும் ஊதாச் சிவப்பு. மேலே ரத்தம் கோத்த கொப்புளங்கள் எழும்பும், பிறகு அந்தத் தோல் கெட்டியாகிச் செத்துப்போகும். கூடவே கை விரல், கால் விரல், மூக்கு நுனி, காது மடல் ஆகியவை கறுத்துச் சில்லிடும். ரத்தத்தில் மெனிஞ்சோகாக்கஸ் பரவியவர்களில் ஏறக்குறைய நான்கு ஐந்து பேருக்கு ஒருவருக்கு நோய் இந்த நிலை வரை போகிறது.

ஏன் தோலில் இப்படி நடக்கிறது? இந்தக் கிருமிக்குச் சின்ன ரத்தக் குழாய்களின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறமை இருக்கிறது. தன் மேலுறையிலிருந்து எண்டோடாக்சின் என்ற நச்சைக் குமிழ் குமிழாக உதிர்த்துக்கொண்டே இருக்கும், அந்த நச்சின் அளவு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு நோய் தீவிரம். உள்சுவர் சேதப்படும்போது இரண்டு எதிரெதிரான விஷயங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சாதாரணமாக அந்தச் சுவரின் செல்கள் புரதம்-சி என்ற பொருளைச் செயலூட்டி ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் பார்த்துக்கொள்ளும், அந்த ஏற்பாடு நின்றுபோவதால் மெல்லிய குழாய்களுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு தோலுக்குப் போகிற ஓட்டம் அடைபடுகிறது. இப்படி உடம்பு முழுக்க ரத்தக் கட்டிகள் உருவாகும்போது தட்டணுக்களும் உறையவைக்கும் காரணிகளும் தீர்ந்துபோய், மற்ற இடங்களில் ரத்தம் கசிகிறது. அடைப்பும் கசிவும் சேர்ந்ததுதான் அந்தக் கருநீலத் திட்டு. அதே குழாய்கள் வழியாகத் தண்ணீரும் புரதமும் வெளியேறுவதால் ரத்த அழுத்தம் சரிகிறது. இது தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகம், நுரையீரல் எல்லாவற்றிலும் நடக்கிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குள் ரத்தம் கொட்டிப்போவதை 1911இல் வாட்டர்ஹவுஸும் 1918இல் ஃப்ரிடரிக்சனும் எழுதி வைத்தார்கள், இன்றும் அது அவர்கள் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. ஆக, தோலில் திட்டு பரவுகிற வேகம் உள்ளே நடப்பதன் வேகமும்கூட.

டம்ளர் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி என்று கேட்டால், பக்கம் வழவழப்பாக இருக்கும் தெளிவான கண்ணாடி டம்ளரை எடுத்து, அதன் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தால் வரும் சிவப்பு அழுத்தத்தில் விலகி மறையும், குழாயை விட்டு வெளியே கசிந்த ரத்தம் அப்படியே நிற்கும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பல இடங்களில் பாருங்கள். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் புள்ளி சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் நிறம் குறைவான இடங்களில் தேட வேண்டும்: உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழ் இமையை இழுத்தால் தெரியும் உள்பக்கம். நம் தோலில் புள்ளி சிவப்பாகத் தெரியாமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியலாம், புதிதாக வந்த மச்சம் மாதிரிகூட இருக்கும். பாடப்புத்தகப் படங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலை வைத்தே எடுக்கப்பட்டவை, அதைப் பார்த்துப் பழகிய கண் நம் பிள்ளைகளிடம் தவறவிட வாய்ப்பு அதிகம், இது டாக்டர்களுக்கும் பொருந்தும். காய்ச்சலும் சோர்வும் இருக்கும்வரை சில மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும், இரவிலும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் நடுங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் காய்ச்சலும் மறையாத புள்ளியுமாக அவசரப் பிரிவுக்கு வந்த ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது, அவர்களில் மெனிஞ்சோகாக்கஸ் இருந்தது சுமார் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். தடுப்பூசிகள் வந்த பிறகு நிலைமை அவ்வளவு மாறியிருக்கிறது. இழுத்து இழுத்து இருமின பிள்ளைக்கும், வாந்தி எடுத்த பிள்ளைக்கும் முகத்திலும் கழுத்திலும் மார்புக் காம்புக்கு மேலேயும் மட்டும் சின்னப் புள்ளிகள் வரும், பிள்ளை ஓடி விளையாடும், அது பெரும்பாலும் அழுத்தத்தால் வந்தது. பின்புறத்திலும் கால்களிலும் மட்டும் தொட்டால் மேடாகத் தெரியும் ஊதாத் தடிப்பு, மூட்டு வலி, வயிற்று வலி, ஆனால் குழந்தை தெளிவாக இருக்கிறது என்றால் ஹெனாக் ஷோன்லைன் பர்ப்யூரா என்கிற வேறு நோய். தட்டணு மட்டும் குறைந்து, காய்ச்சலே இல்லாமல் உடம்பெல்லாம் கன்றிப்போய் வரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலை டாக்டருடையது. காய்ச்சலோடு மறையாத புள்ளி என்றால் அது மார்புக் காம்புக்கு மேலேயா கீழேயா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. அங்கே காய்ச்சலும் சிவப்புப் புள்ளியும் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் சமயத்தில் வருகிறது, மெனிஞ்சோகாக்கஸ் முதல் நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை இரவில் கருநீலத் திட்டுகளோடு வந்தால், டெங்கு டெஸ்ட் முடிவுக்காக ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், உண்ணி வழியாகப் பரவும் ரிக்கட்சியா வகைக் காய்ச்சல் இந்தியாவில் இதே மாதிரி உள்ளங்கை உள்ளங்கால் வரை புள்ளிகளையும், விரல் கறுத்துப்போவதையும், பர்ப்யூரா ஃபல்மினன்ஸையுமே உண்டாக்கும். மெனிஞ்சோகாக்கஸுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் அதற்குக் கேட்காது, டாக்சிசைக்ளின் வேண்டும். அதற்கு நெருங்கிய இன்னொரு காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸ் என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். எது என்று தெளிவாகும் வரை இரண்டு மருந்தையும் சேர்த்துத் தொடங்கும் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார். மெனிஞ்சோகாக்கஸ் இந்தியாவுக்கு வராத நோயும் அல்ல, டெல்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் பெரிதாகப் பரவியது, 2008-09இல் மேகாலயாவிலும் திரிபுராவிலும் பரவியது.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பிரிட்டனில் 999, தமிழ்நாட்டில் 108. ஜிபி என்கிற குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆம்புலன்ஸ் தாமதம் ஆகும் என்றால் காரிலேயே அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலில் இருக்கும் நர்ஸிடம் சுற்றி வளைக்காமல் "காய்ச்சல், டம்ளரில் மறையாத புள்ளி, கூடிக்கொண்டே போகிறது, கை கால் சில்லென்று இருக்கிறது, மெனிஞ்சோகாக்கஸாக இருக்குமோ என்று பயப்படுகிறோம்" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நம் ஆட்கள் டாக்டருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று கூச்சப்பட்டு வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஒரு நோயில் அந்த மரியாதை வேண்டாம், வரிசையைத் தாண்டிப் பேசுங்கள்.

உள்ளே போனதும் நடப்பது வேகமாக இருக்கும். செஃப்ட்ரியாக்சோன் நரம்பு வழியாக ஏறும், பிரிட்டனில் ஜிபி முதலில் பார்த்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பென்சிலின் ஊசி போடுவதும் உண்டு. குளூக்கோஸ் பாட்டில் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்த மாதிரி உப்புநீர் திரவம் சிறு சிறு அளவாக, ஒவ்வொரு தடவையும் குழந்தையைப் பரிசோதித்துக்கொண்டே வேகமாக ஏற்றுவார்கள், போதாவிட்டால் அட்ரினலின் போன்ற மருந்து, மூச்சுக்கு வென்டிலேட்டர். முதுகுத்தண்டில் நீர் எடுக்கவில்லையே என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். திட்டுகள் பரவிக்கொண்டிருக்கும்போதும் ரத்த அழுத்தம் நிலைக்காதபோதும் அதைச் செய்வது ஆபத்து, வேண்டுமென்றேதான் தள்ளிப்போடுவார்கள். முதல் ரத்தப் பரிசோதனையில், தொற்று இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதமும் வெள்ளையணுக்களும் இயல்பாக வந்தாலும் ஆசுவாசப்பட முடியாது, நோய் அவ்வளவு வேகமாக ஓடுவதால் ரத்தத்தில் அந்த மாற்றம் வருவதற்கு முன்பே சோதித்திருக்கலாம். கிருமியை உறுதி செய்ய ரத்தக் கல்ச்சரும் பிசிஆரும் உண்டு, தோல் திட்டிலிருந்து எடுத்த சின்ன மாதிரியிலும்கூடக் கிருமி கிடைக்கும், சில சமயம் ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகும்.

உறைதலைத் தடுக்கும் அந்தப் புரதம்-சியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற யோசனை பல வருடங்கள் நம்பிக்கை தந்தது. செயலூட்டப்பட்ட வடிவத்தில் மருந்தாகவே வந்தது, ஆனால் செப்சிஸ் என்ற கடும் தொற்று நிலை வந்த குழந்தைகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை, கைக்குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக் கசிவு கூடியது, 2011இல் அந்த மருந்தையே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதனால் இன்றும் உயிரையும் விரல்களையும் காப்பாற்றுவது சீக்கிரம் கிடைக்கும் சாதாரண ஆன்டிபயாட்டிக்கும் திரவமும்தான்.

பிழைத்த பிறகு தோலின் கதை நீளும். சின்னப் புள்ளிகள் சில நாட்களில் மங்கி மறைந்துவிடும். ஆழமாகச் செத்துப்போன திட்டுகள் கறுத்துப் பொருக்காகி உதிரும், பெரியதாக இருந்தால் தோல் ஒட்டு வைக்க வேண்டியிருக்கும். விரல் கறுத்துவிட்டது என்றதும் எல்லோரும் உடனே வெட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். நல்ல அறுவை மருத்துவர் அவசரப்பட மாட்டார், உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே எல்லை தெளிவாகும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பார், முதல் நாளில் போய்விட்டது என்று நினைத்த விரலின் ஒரு பகுதி பிழைத்துக்கொள்வதும் உண்டு. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: எலும்பு வளரும் முனைகளுக்குப் போகும் ரத்தமும் அந்த நாட்களில் அடைபட்டிருக்கும். குழந்தை முழுக்கக் குணமாகி வீட்டுக்கு வந்து, சில வருடங்கள் கழித்து ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகவோ வளைந்தோ வளர ஆரம்பிக்கலாம். அதனால் எலும்பு மருத்துவரிடம் வளர்ச்சி முடியும் வரை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காது கேட்கும் திறனையும் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள்ளோ வந்த சில வாரங்களிலோ சோதித்துவிட வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் கூட இருப்பவர்களுக்கு உடனே தடுப்பு மருந்து வேண்டும். நோய் தொடங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களில் ஒரே வீட்டில் இருந்தவர்கள், முத்தம் கொடுக்கிற அளவு நெருக்கமானவர்கள் ஆகியோருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே ஒரு வேளை, அல்லது ரிஃபாம்பிசின் இரண்டு நாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் பஸ்ஸில் கூட வந்தவருக்கும் பொதுவாகத் தேவைப்படாது, அதைச் சுகாதாரத் துறையே கணக்கிட்டுச் சொல்லும். மருந்து சாப்பிட்டவர்களும் அடுத்த சில நாட்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு குழப்பம் நம் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு, பிரிட்டனில் வழக்கமாகப் போடும் எந்த ஒரு ஊசியும் எல்லா வகைக்கும் காப்பதில்லை. ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்கும் சேர்த்து ஒன்று, பி வகைக்குத் தனியாக ஒன்று. பிரிட்டன் சி வகை ஊசியை 1999இல் கொண்டுவந்தது, கைக்குழந்தைகளுக்குப் பி வகை ஊசியை 2015 செப்டம்பரிலிருந்து போடுகிறது, பள்ளியில் சுமார் 14 வயதில் நான்கு வகை ஊசி. அங்கே பிறந்த உங்கள் மகனுக்கு முதல் வருட ஊசிகள் எல்லாம் போட்டிருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. நடுவில் ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்ததில் விட்டுப்போன ஊசி இருந்தால் ஊசிக் கணக்கு எழுதி வைக்கும் சிவப்புப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்து ஜிபியிடம் கேளுங்கள். இந்தியாவில் இது எல்லாக் குழந்தைகளுக்குமான அரசு அட்டவணையில் இல்லை. மண்ணீரலை எடுத்தவர்கள், நோயெதிர்ப்பின் காம்ப்ளிமென்ட் பகுதியில் குறைபாடு உள்ளவர்கள், எக்குலிசுமாப் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஹஜ் பயணத்துக்கு நான்கு வகை ஊசி இல்லாமல் சவூதி அனுமதிப்பதில்லை, 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜில் டபிள்யூ வகை பரவி யாத்ரீகர்கள் வழியாகப் பல நாடுகளுக்குப் போனதன் பிறகு வந்த நிபந்தனை அது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் படிக்கப் போய் விடுதியில் தங்கும் மாணவர்கள் இந்த நான்கு வகை ஊசியைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள், ஆனால் அதில் பி வகை அடங்காது. கிளம்புவதற்கு முன் பி வகை ஊசியும் தேவையா என்று டாக்டரிடம் கேட்டு, போட்ட ஊசிகளின் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.